குளிர் மலையில் ஈச்ச மரம்

கொடைக்கானல் நகரத்துப் பகுதிகளுள் ஒன்று நாயுடுபுரம். அங்கு வாழும் முதியவரான ஹாஜியார் ஒருவர் எனக்கு நெடுநாளைய நண்பர். ஒரு தை மாதத்தில் அவர் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, முற்றத்தில் நின்ற ஈச்ச மரம் ஒன்றைக் காட்டினார். ஹஜ்ஜுக்குச் சென்றபோது மதீனாவிலிருந்து கொண்டுவந்த அஜ்வாப் பேரீச்சையின் கொட்டைகளை ஊன்றி வளர்த்தாராம். முளைத்தவை மூன்று, எஞ்சியது ஒன்று. பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தும் அது ஆளுயரத்தைத் தாண்டவில்லை. வெளியோலைகளின் நுனிகள் உறைபனியில் கருகியிருந்தன. “ஹஜ்ரத், இது என்றைக்காவது காய்க்குமா?” என்று கேட்டார்.

அவ்வினாவிற்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது. தமக்குரிய அரை ஏக்கர் நிலத்தைப் பேரீச்சைத் தோப்பாக்கி, அதன் வருவாயை மதரஸா மாணவர்களின் உணவுக்கென வக்ஃப் செய்துவிட வேண்டும் என்பது அவருடைய நிய்யத். நாற்று விற்கும் முகவர் ஒருவர், தம்மிடமுள்ள கன்றுகள் மலையிலும் ஐந்தாம் ஆண்டிலேயே பலன் தரும் என்று உறுதி கூறி முன்பணம் கேட்டிருந்தார். நிய்யத் தூயதுதான். ஆயினும் நிய்யத் தூயதாய் இருப்பதனால் மட்டும் மரம் காய்த்துவிடுவதில்லை. அன்று அவருக்கு நான் உடனே விடை கூறவில்லை. பின்னர் நூல்களைப் பார்த்தும் தோட்டக்கலை அறிந்தோரைக் கேட்டும் தெளிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கிறேன்.

குளிர் மிகுதியா, வெயில் குறைவா?

பேரீச்சை பாலை நிலத்து மரம். ஆதலின் குளிர் அதனைக் கொன்றுவிடும் என்று பலரும் எண்ணுகின்றனர். இது பாதி உண்மையே. பாக்தாத் நகரில் குளிர்கால இரவுகளில் உறைபனி படிவதுண்டு. அங்கே பேரீச்சை தழைக்கிறது. வளர்ந்த மரம், காற்று வறண்டிருந்தால், பூச்சியத்திற்குக் கீழே சில பாகைகள் வரையுள்ள குளிரைத் தாங்கும். ஓலை கருகினாலும் உயிர் பிழைத்துக்கொள்ளும்.

அது தாங்க முடியாதது வெயிலின் குறைவை. நிழலில் வெப்பம் ஏறத்தாழ 18 பாகை செல்சியஸைக் கடந்த பின்னரே அது பாளை விடும். காய் பிடித்து முற்றுவதற்குச் சராசரி வெப்பம் 25 பாகைக்கு மேல் பல மாதங்கள் நீடிக்க வேண்டும். அம்மாதங்களில் மழையும் கூடாது. பழுக்கும் பருவத்தில் மழை பெய்தால் கனி வெடித்து அழுகிவிடும். பேரீச்சைக்குக் கால் நீரிலும் தலை நெருப்பிலும் இருக்க வேண்டும் என்று அரபு மக்கள் கூறுவது இதனையே.

கொடைக்கானலோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. சித்திரை, வைகாசியிலும் பகல் வெப்பம் 20 பாகையை ஒட்டியே நிற்கும். ஆண்டு மழை 1,600 மில்லிமீட்டர் அளவினது. ஐப்பசி, கார்த்திகையில் மழை மிகுதியாகக் கொட்டுகிறது. கால் நீரில் இருக்கிறது. தலைக்கு நெருப்பு இல்லை. நண்பரின் மரம் உயிரோடிருந்தும் வளராமல் நிற்பதன் காரணம் இதுவே.

இவ்வேறுபாட்டை விளக்க வரலாற்றில் ஒரு சான்று உண்டு. அப்பாசியரின் வாளுக்குத் தப்பி, சிரியாவிலிருந்து புறப்பட்டு, கி.பி. 755இல் ஸ்பெயினை அடைந்த உமையா இளவரசர் முதலாம் அப்துர் ரஹ்மான், மறு ஆண்டு குர்துபாவில் தம் ஆட்சியை நிறுவினார். தம் பாட்டனார் கலீஃபா ஹிஷாமின் ருஸாஃபாவை நினைவுகூர்ந்து, குர்துபாவுக்கு அருகில் அதே பெயரில் தோட்ட மாளிகை ஒன்றை அமைத்தார். அங்கு நின்ற பேரீச்சை மரத்தைத் தம்மைப் போலவே தாயகம் விட்டு வந்த அயலாராகக் கருதி அவர் பாடிய பாடல் அரபு இலக்கியத்தில் புகழ்பெற்றது. தென்கிழக்கு ஸ்பெயினில் உள்ள எல்ச்சே நகரில், முஸ்லிம்களின் ஆட்சிக்காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் வாய்க்கால்களுடன் முறைப்படுத்தப்பட்ட பேரீச்சைப் பெருந்தோப்பு இன்றும் நிற்கிறது. யுனெஸ்கோ அதனை 2000ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

குர்துபாவும் எல்ச்சேயும் ஏறத்தாழ 38 பாகை வட அட்சத்தில் உள்ளன. கொடைக்கானல் 10 பாகையிலேயே உள்ளது. நிலநடுக்கோட்டுக்கு இத்துணை அருகில் உள்ள ஊரில் காய்க்காத மரம், அத்துணை வடக்கே காய்ப்பது ஏன்? குர்துபாவிலும் குளிர்காலம் உண்டுதான். ஆனால் ஜூலை மாதப் பகல் வெப்பம் சராசரியாகவே 36 பாகையைக் கடக்கிறது. அங்குக் குளிரும் உண்டு, கோடையும் உண்டு. நம் மலையில் இரண்டும் மட்டானவை. அருகருகே அமைந்த நிலப்பகுதிகளையும், ஒரே வேரிலிருந்து கிளைத்தனவும் தனித்தனியே நிற்பனவுமான பேரீச்சைகளையும், ஒரே நீர் பாய்ந்தும் அவற்றின் கனிகள் சுவையில் வேறுபடுவதையும் சிந்திக்குமாறு திருக்குர்ஆனின் ரஅது அத்தியாயம் (13:4) அழைப்பது இவ்விடத்தில் எண்ணத்தக்கது.

கொட்டையும் பக்கக்கன்றும்

நண்பரின் மரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கொட்டையிலிருந்து முளைப்பவற்றுள் ஏறத்தாழப் பாதி ஆணாகவே அமையும். பூக்கும் வரை எது என்று கண்ணால் அறிய இயலாது. பெண்ணாக அமைந்தாலும் அதன் கனி தாய்க்கனியை ஒத்திராது. அஜ்வாவின் கொட்டை அஜ்வாவைத் தருவதில்லை. இனம் மாறாமல் பெருக்க வேண்டுமாயின் தாய்மரத்தின் அடியில் தோன்றும் பக்கக்கன்றைப் பிரித்து நட வேண்டும். அரபு மொழியில் இதற்கு ‘ஃபஸீலா’ என்று பெயர். கையில் ஒரு கன்று இருக்கும்போது மறுமை நாள் வந்துவிட்டாலும் இயன்றால் அதனை நட்டுவிடுமாறு வலியுறுத்தும் நபிமொழியில் வருவதும் இச்சொல்லே. திசு வளர்ப்புக் கன்றும் இனம் மாறாது. ஆனால் கன்று எத்துணை உயர்ந்ததாயினும் அது ஊன்றப்படும் மலையின் தட்பவெப்பத்தை மாற்றாது.

இங்கு மற்றொரு நபிமொழியும் நினைவுக்கு வருகிறது. மதீனத்து மக்கள் பெண் பாளையில் ஆண் பூவின் மகரந்தத்தைச் சேர்ப்பதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அது பயன்தரும் என்று தாம் கருதவில்லை எனக் கூற, மக்கள் அதனைக் கைவிட்டனர். அவ்வாண்டு விளைச்சல் குன்றியது. உலகியல் தொழில்களை அவற்றைச் செய்வோரே நன்கறிவர் என்று அண்ணலார் தெளிவுபடுத்தியதாக ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. பயிர்த்தொழிலில் அனுபவ அறிவுக்குரிய இடத்தை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது. பதினோராம் நூற்றாண்டில் துலைத்துலாவில் (இன்றைய டொலேடோ) வாழ்ந்த இப்னு பஸ்ஸால், முன்னோர் கூற்றுகளை அடுக்காமல் தம் கையால் பயிரிட்டுக் கண்டவற்றைக் கொண்டே வேளாண்மை நூல் எழுதியதும் அம்மரபின் தொடர்ச்சியே.

ஒரே குருத்து

பனைக் குடும்பத்தில் ஏறத்தாழ 2,500 இனங்கள் உள்ளன. தென்னை, பனை, கமுகு, ஈச்சை யாவும் அக்குடும்பத்தினவே. மாமரமும் வேம்பும் கிளை ஒடிந்தால் மறுகிளை விடும். பட்டை கிழிந்தால் புதுப்பட்டை போர்த்திக்கொள்ளும். பனையினத்திற்கு அவ்வசதி இல்லை. தண்டைப் பருக்கச் செய்யும் வளர்படலம் அதற்குக் கிடையாது. பெரும்பாலான இனங்களில் ஒரு தண்டுக்கு உச்சியில் ஒரே குருத்துத்தான். அது செத்தால் அத்தண்டும் சாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஸகரிய்யா அல்கஸ்வீனி, பேரீச்சையை மனிதனோடு ஒப்பிட்டு, தலை துண்டிக்கப்பட்டால் அதுவும் மடியும் என்று குறித்தது இக்காரணம் பற்றியே.

உறைபனி கொல்வதும் இக்குருத்தின் வழியாகத்தான். குருத்தின் மென்மையான திசுவில் உள்ள நீர் உறைய, அதன் நுண்ணறைகள் சிதைகின்றன. சேதமடைந்த இடத்தில் ஈரம் தங்கிப் பூசணம் பற்றுகிறது. பனி விழுந்த சில வாரங்கள் கழித்து, பச்சையாகத் தெரியும் நடுக்குருத்தைத் தொட்டால் கையோடு வந்துவிடும். ஆகவே ஒரு மரத்தின் குளிர் தாங்கும் ஆற்றல் என்பது அதன் குருத்தின் ஆற்றலே. ஓலை கருகுவது பெரிதன்று.

குளிருக்குரிய இனங்கள்

பனையினம் முழுதும் வெப்ப நாட்டுக்கே உரியது என்பதும் சரியன்று. உத்தராகண்டின் குமாவோன் பகுதியில், பித்தோராகர் அருகே, குளிர்காலத்தில் பனி மூடும் மலைச்சரிவில் 2,000 மீட்டருக்கு மேல் ஒரு பனை இயற்கையாக வளர்கிறது. இத்தாலியத் தாவரவியலாளர் பெக்காரி 1905இல் அதற்கு அம்மலையின் பெயராலேயே டிரக்கிகார்ப்பஸ் தாக்கில் என்று பெயரிட்டார். மேகாலயத்தின் காசி மலைகளிலும் அதன் உறவினம் ஒன்று உண்டு.

இவற்றின் சீன உறவே சூசான் பனை. விசிறி போன்ற ஓலையும் நார் போர்த்த தண்டும் உடையது. சீனாவிலும் ஜப்பானிலும் அந்நாரால் கயிறும் துடைப்பமும் செய்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ராபர்ட் ஃபார்ச்சூன் என்பார் அதனை இங்கிலாந்தில் பரவச் செய்தார். இன்று அங்குத் திறந்த வெளியில் நிற்கும் பனை பெரும்பாலும் இதுவே. பூச்சியத்திற்குக் கீழே பத்துப் பாகைக்கும் மேற்பட்ட குளிரைத் தாங்கும். மொராக்கோ, அல்ஜீரியா, தென் ஸ்பெயின் ஆகிய நாடுகளின் குட்டைப் பனையான கேமரோப்ஸ் அடியிலிருந்து பல தண்டுகள் விட்டுப் புதராக வளரும். அதுவும் உறைபனிக்கு அஞ்சாது. கேனரித் தீவு ஈச்சை பேரீச்சையின் நெருங்கிய உறவு. தோற்றத்தில் அதனினும் பருத்தது. மிதமான உறைபனியைத் தாங்கும். கனிக்காக அன்றி அழகுக்காகவே வளர்க்கப்படுவது. இம்மூன்றுக்கும் நாயுடுபுரத்தின் குளிர் பொருட்டன்று.

நடும் முறை

குளிர்ந்த காற்று நீரைப் போலத் தாழ்ந்த இடம் நோக்கி வழிந்து தேங்கும். ஆதலின் பள்ளத்தில் நடலாகாது. சரிவின் இடைப்பகுதியே சிறந்தது. தென்புறம் நோக்கிய சுவரின் அருகில் நட்டால், பகலில் சுவர் ஏற்ற வெப்பம் இரவில் கன்றுக்குக் கிடைக்கும். நீர் தேங்காத மண் வேண்டும். பனிக்காலம் கழிந்த பங்குனி, சித்திரையில் நட்டால், அடுத்த மார்கழிக்குள் வேர் பிடித்துவிடும்.

மலையில் உறைபனி படிவது மேகமற்ற, காற்றடங்கிய இரவுகளிலேயே. அவ்விரவுகளில் இளங்கன்றின் ஓலைகளைக் கூட்டிக் கட்டி, குருத்தைச் சாக்கினால் போர்த்தி, காலையில் அகற்ற வேண்டும். கருகிய ஓலைகளைப் பனிக்காலம் முடியும்வரை வெட்டலாகாது. உள்ளே இருப்பவற்றுக்கு அவையே போர்வை. குருத்து கையோடு வந்துவிட்டால், குழியைத் துடைத்து உலர்த்திப் போர்டோ கலவை ஊற்ற வேண்டும். வளர்முனை பிழைத்திருந்தால் சில மாதங்களில் புதுக்குருத்து எழும்.

மலை ஓர் அமானத்து

இவ்வளவும் அறிந்த பின்னரும் ஒரு வினா எஞ்சுகிறது. வளரும் என்பதற்காக எதனையும் நட்டுவிடலாமா? சுவிட்சர்லாந்தின் தென்பகுதியான டிசினோவில் அழகுக்காக நட்ட சூசான் பனையின் விதைகளைப் பறவைகள் காடுகளுக்குக் கொண்டு சென்றன. அங்கு அது பல்கி உள்நாட்டு மரங்களின் இடத்தைப் பற்றத் தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் அந்நாடு அதன் விற்பனையைத் தடை செய்துள்ளது. பழனி மலைக்கும் இது புதிய பாடமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகையும் தைல மரமும் இங்குள்ள புல்வெளிகளை விழுங்கியதை இம்மலையார் கண்கூடாகக் காண்கின்றனர். நீரைத் தேக்கி ஓடைகளாக வழங்கும் சோலைக்காடும் புல்வெளியும் நமக்கு அளிக்கப்பட்ட அமானத்து. சூசான் பனையை முற்றத்தில் வளர்ப்போர் ஆண் மரத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அன்றேல் பெண் மரத்தின் பூங்குலையைக் காய்க்குமுன் வெட்டிவிட வேண்டும்.

இம்மலைக்குச் சொந்தமான ஈச்சை ஒன்று இருப்பதையும் நாம் மறந்துவிட்டோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் புல் மண்டிய சரிவுகளில், நாயுடுபுரத்தினும் தாழ்வான உயரங்களில், குட்டையாக வளரும் மலையீச்சு அது. புல் தீப்பற்றி எரிந்தாலும் மீண்டும் தளிர்க்கும். அதன் ஓலையால் மலைவாழ் மக்கள் துடைப்பம் கட்டுகின்றனர். ஈச்சையின் சாயல் முற்றத்தில் வேண்டுவோர் முதலில் முயன்று பார்க்க வேண்டியது இதனையே.

மறுமுறை சென்றபோது இவற்றையெல்லாம் நண்பரிடம் எடுத்துரைத்தேன். பேரீச்சம் பழம் சிவக்கவோ மஞ்சளாகவோ தொடங்கித் தேறிவிட்டது என்று தெரியுமுன் மரத்திலிருக்கும் காயை விற்பதை அண்ணலார் தடுத்ததை நினைவூட்டி, நட்டே பாராத மரத்தின் பலனை உறுதி கூறி முன்பணம் கேட்பது அதனினும் ஐயத்துக்குரியதன்றோ என்றேன். தருமபுரி மாவட்டத்துச் சமவெளியில் பேரீச்சை பயிரிட்டுப் பலன் காண்போர் உள்ளனர். அம்மரம் வேண்டின் அத்தகைய நிலமே அதற்குரியது என்றும் கூறினேன்.

ஹாஜியார் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “அப்படியானால் இந்த நிலத்துக்கு எதைத்தான் ஹஜ்ரத் வக்ஃபாக வைப்பது?” என்றார். அவர் வீட்டு வேலியோரத்தில் நின்ற பேரிக்காய் மரத்தைக் காட்டினேன். குளிர்காலத்தில் போதிய குளிர் பெற்றாலன்றிச் சரிவரப் பூக்காத மரம் அது. எந்தக் குளிர் பேரீச்சைக்கு வெயிலை மறுத்ததோ, அந்தக் குளிரே பேரிக்குக் கனியைத் தருகிறது. யாவும் ஓர் அளவின்படியே படைக்கப்பட்டுள்ளன என்று இறைமறை (54:49) கூறுவதன் பொருளை அம்முற்றத்தில் இருவரும் ஒருங்கே உணர்ந்தோம். அரை ஏக்கரில் இப்பொழுது பேரிக் கன்றுகள் நிற்கின்றன. மதீனத்து ஈச்சை முற்றத்திலேயே இருக்கிறது. பனி இரவுகளில் அதன் குருத்துக்குச் சாக்குப் போர்த்துவதை ஹாஜியார் இன்னும் கைவிடவில்லை.