சொற்களை மாற்றி எழுதினால் பதிப்புரிமை மீறல் ஆகாதா? சட்டம் கூறுவது என்ன?

புதுடெல்லி: பிறர் எழுதியதை அப்படியே நகலெடுப்பது பதிப்புரிமை மீறல் என்பது பலரும் அறிந்ததே. ஆனால், சொற்களை மட்டும் மாற்றிவிட்டு, வாக்கியங்களின் போக்கையும் வாதத்தின் வரிசையையும் அவ்வாறே வைத்துக்கொண்டால் சட்டத்திலிருந்து தப்பிவிட முடியுமா?

கருத்து வேறு, வெளிப்பாடு வேறு

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ், கருத்துக்கோ தகவலுக்கோ உரிமை கோர இயலாது. அதை ஆசிரியர் வெளிப்படுத்திய வடிவத்துக்கே பாதுகாப்பு உண்டு. வறட்சி குறித்து எவரும் எழுதலாம். ஆனால், ஒருவர் தேர்ந்தெடுத்த எடுத்துக்காட்டுகளையும் அவற்றை அடுக்கிய முறையையும் பத்திக்குப் பத்தி பின்பற்றுவது மீறலாகக் கருதப்படலாம்.

1978ஆம் ஆண்டு தீர்ப்பு

இதில் வழிகாட்டியாக விளங்குவது ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு. தமது 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தைத் தழுவி 'நியூ டெல்லி' என்ற இந்தித் திரைப்படம் எடுக்கப்பட்டதாக அவர் வழக்குத் தொடுத்தார். பிராந்திய உணர்வு என்ற கரு இரண்டிலும் இருந்தபோதிலும், அது கையாளப்பட்ட விதம் வேறுபட்டிருப்பதாகக் கூறி, உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

எனினும், ஆங்காங்கே சிறு மாற்றங்கள் செய்து மூலத்தைப் பின்பற்றினாலும் அது மீறலே என்று அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது. இரண்டையும் படித்த அல்லது பார்த்த ஒருவருக்கு, பின்னது முன்னதன் நகல் என்ற ஐயமற்ற எண்ணம் ஏற்படுகிறதா என்பதே அளவுகோல்.

விலக்குகள் எவை?

ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாடு, விமர்சனம், நடப்பு நிகழ்வுகள் குறித்த செய்தி ஆகியவற்றுக்கான நியாயமான பயன்பாட்டைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த படைப்புகளுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை இல்லை.

மூல ஆசிரியரின் பெயரைக் குறிப்பிடுவது நேர்மை. ஆனால் அது மட்டுமே அனுமதிக்கு ஈடாகாது. அதேபோல், பதிப்புரிமை முடிந்த படைப்பைத் தமதாகக் காட்டுவது பதிப்புரிமை மீறலாக இல்லாவிட்டாலும், எழுத்துத் திருட்டே.

தண்டனை என்ன?

மீறலைத் தடுக்க உரிமையாளர் நீதிமன்றத்தில் தடையாணையும் இழப்பீடும் கோரலாம். அறிந்தே மீறுவோருக்கு 63ஆவது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

எனவே, பிறர் நூலைப் பயன்படுத்துவோர், படித்ததை உள்வாங்கி, மூலத்தை மூடி வைத்துவிட்டுத் தமது வரிசையில், தமது நடையில் எழுதுவதே பாதுகாப்பானது. ஆசிரியரின் சொற்களே இன்றியமையாதவை எனில், தேவையான அளவுக்கு மட்டும் மேற்கோள் குறிக்குள் இட்டு, அவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். அதற்கு மேல் தேவையெனில் அனுமதி பெறுவதே முறை.