ரோமாபுரி வீரனின் இரும்புச் சட்டை

1964-ம் ஆண்டு. இங்கிலாந்தின் வட பகுதியில் கார்பிரிட்ஜ் என்று ஓர் ஊர். ரோமாபுரிப் படைகள் ஒரு காலத்தில் தங்கி இருந்த ஊர் அது. அங்கே ஆராய்ச்சியாளர்கள் மண்ணைத் தோண்டிக்கொண்டு இருந்தார்கள்.

மண்ணுக்குள் ஒரு மரப் பெட்டி தென்பட்டது. தோல் போர்த்தி, இரும்புப் பட்டை அடித்த பெட்டி. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பு அதைப் புதைத்து இருந்தார்கள்.

உள்ளே பொன் இல்லை, வெள்ளி இல்லை. ஈட்டி முனைகள், ஆணிகள், கருவிகள்... இவற்றோடு துருப்பிடித்த இரும்புத் தகடுகள்! அந்தத் துருப்பிடித்த இரும்புதான் பெரிய புதையல் ஆயிற்று.

கல்லில் கண்ட கவசம்

ரோமாபுரி வீரர்கள் இரும்புப் பட்டைகளால் ஆன கவசம் அணிந்தார்கள் என்பது முன்பே தெரியும். ரோம் நகரில் டிராஜன் சக்கரவர்த்தியின் வெற்றித் தூண் நிற்கிறது. அது கி.பி. 113-ல் எழுப்பியது. அதில் செதுக்கிய வீரர்கள் பலர், பட்டை பட்டையாகக் கவசம் அணிந்து நிற்கிறார்கள்.

ஆனால் சிற்பி செதுக்கியது வெளிப்புறத்தை மட்டுமே. உள்ளே தகடுகள் எப்படி இணைந்து இருந்தன? தோல் சட்டையின் மேல் இரும்புப் பட்டைகளை வரிசையாகப் பொருத்தி இருப்பார்கள் என்று பலர் எண்ணினார்கள்.

செய்து பார்த்தார்

பெட்டியில் இருந்த தகடுகள் துருவால் ஒட்டிக் கிடந்தன. ஆனாலும், எந்தத் தகட்டுக்குப் பக்கத்தில் எந்தத் தகடு என்பது தெரிந்தது. தோல் மக்கிப் போயிருந்தாலும் அதன் அடையாளம் துருவில் பதிந்து இருந்தது.

லண்டன் டவர் ஆயுதச்சாலையில் பணியாற்றிய ரஸ்ஸல் ராபின்சன் இவற்றை ஆராய்ந்தார். படம் வரைவதோடு அவர் நிற்கவில்லை. கவசத்தையே திரும்பச் செய்து பார்த்தார்.

புதிர் அவிழ்ந்தது. தோல் சட்டையே கிடையாது! உட்புறம் மேலிருந்து கீழாகத் தோல் வார்கள் ஓடின. இரும்புப் பட்டைகளை அந்த வார்களில் ஆணி வைத்துப் பொருத்தி இருந்தார்கள். கூரை ஓடுகளைப்போல் ஒரு பட்டை இன்னொரு பட்டையின்மேல் படிந்தது. மார்புக்கும் முதுகுக்கும் தனித் தகடுகள். தோளுக்கு வளைந்த தகடுகள். மடங்க வேண்டிய இடங்களில் பித்தளைக் கீல்கள்.

வீரன் இதைச் சட்டைபோல் மாட்டி, முன்பக்கம் கட்டிக்கொள்ளலாம். எடை சுமார் 9 கிலோ. ஆனாலும் குனியலாம், நிமிரலாம், வாள் வீசலாம். கழற்றி வைத்தால் பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடும். அதனால்தான் ஒரே பெட்டிக்குள் பல கவசங்களின் பாகங்களை அடுக்க முடிந்தது.

கீல் ஒடிந்தால்?

இந்தக் கவசத்தில் ஒரு குறையும் இருந்தது. கீல்கள் மெல்லியவை, எளிதில் ஒடியும். ஒடிந்த கீலை விட்டுவிட்டு, தகட்டோடு தகட்டை ஆணி அடித்து இணைத்த அடையாளம் கார்பிரிட்ஜ் தகடுகளிலேயே இருக்கிறது. போர்க்களத்தில் பழுது பார்க்கும் கொல்லனுக்கு ஓயாத வேலை! பிற்காலக் கவசங்களில் கீல்களைக் குறைத்து, எளிய ஆணிகளையும் வளையங்களையும் வைத்தார்கள். ஸ்காட்லாந்தில் நியூஸ்டெட் என்ற இடத்தில் கிடைத்த கவசம் இதைக் காட்டுகிறது.

கவசமும் விலங்கும்

2018-ல் ஜெர்மனியில் கால்க்ரீஸ் என்ற இடத்தில் இன்னொரு கவசம் கிடைத்தது. கி.பி. 9-ல் ஜெர்மானியர்கள் மூன்று ரோமாபுரிப் படைகளை அழித்தார்கள். அந்தப் போர் நடந்ததாகக் கருதப்படும் இடம் அது. கவசத்தை மண்கட்டியோடு பெயர்த்து எடுத்தார்கள். எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்தி உள்ளே பார்த்தார்கள். இந்த வகைக் கவசங்களில் அதுவரை கிடைத்தவற்றுள் அதுவே மிகப் பழையது, மிக முழுமையானது.

கவசத்தோடு இன்னொரு பொருளும் கிடந்தது. கைதியின் கழுத்தையும் கைகளையும் சேர்த்துப் பூட்டும் இரும்பு விலங்கு!

ஒரே இரும்புதான். உயிர் காக்கக் கவசமும் ஆயிற்று. தோற்றவனைப் பூட்ட விலங்கும் ஆயிற்று.