கிணற்றிலிருந்து கடலுக்கு – 7: கல்குடாவில் கிடக்கும் எண்ணெய்க் கப்பல்

ஸ்கூபா முக்குளிப்புக்கான ‘ஓபன் வாட்டர்’ தகுதி அட்டை கைக்கு வந்த மறுநாளே எல்லோருக்கும் ஒரு ஆசை வந்துவிடும்: மூழ்கிய கப்பல் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். எனக்கும் வந்தது. அதற்காகத்தான் இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் கல்குடாவுக்குப் போனேன். அந்தக் கடலில் பெயர்பெற்றது ஹெர்மிஸ். விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் போர்க்கப்பல்.

“அது ஆழம் கூட, தம்பி. உங்கட அட்டைக்குச் சரிவராது” என்று படகுக்காரர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். ஹெர்மிஸ் கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு எல்லையே 40 மீட்டர்தான். என்னைப் போன்ற புது ஆளுக்கு 18. எங்களுக்கென்று வாய்த்தது ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல். தரை சுமார் 24 மீட்டரில். மணலைத் தொட எனக்கு அனுமதி இல்லை, எழும்பி நிற்கும் பாகங்களோடு சரி.

இரண்டும் ஒரே நாளில் மூழ்கியவை. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பைத் தாக்கிய ஜப்பானியக் கப்பற்படை, 9ஆம் தேதி திருகோணமலைக்கு வந்தது. தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து முந்தின இரவே ஹெர்மிஸைத் துறைமுகத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். கூடவே ‘வாம்பயர்’ என்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் போனது. கொடுமை என்னவென்றால், அன்று அந்த விமானந்தாங்கியில் ஒரு விமானம்கூட இல்லை. மட்டக்களப்புக்கு அருகே அதை ஜப்பானியர்கள் கண்டுபிடித்துக் குண்டு போட்டார்கள். கேட்ட விமானப் பாதுகாப்பு நேரத்துக்கு வரவில்லை. ஹெர்மிஸில் 307 பேரின் உயிர் போனது. வாம்பயர், ஹாலிஹாக், ஆத்தெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற கப்பல்கள் எல்லாம் அதே நாள் கணக்கு. தத்தளித்தவர்களில் பலரைத் தூக்கிக் காப்பாற்றியது ‘வீட்டா’ என்ற மருத்துவமனைக் கப்பல்.

இதைப் பார்க்க வந்த நானோ கடலோரத்தில் வளர்ந்தவனில்லை. எங்கள் அவலூர்பேட்டைப் பக்கம் கடலைப் பார்க்க மரக்காணத்துக்கோ பாண்டிச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும். நீச்சல் எல்லாம் கிணற்றில்தான். முதுகில் சுரைப்புருடையைக் கட்டித் தள்ளிவிட்டு, மேலே நின்று சிரிப்பார் சித்தப்பா. கொஞ்சம் தேறியதும் அடிமண் எடுக்கும் போட்டி. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு இறங்கி, ஒரு பிடி சேற்றோடு வந்து காட்ட வேண்டும்.

ஆனால் ஸ்கூபாவில் முதல் விதியே மூச்சை அடக்காதே என்பதுதான். கிணற்றுக் கரையில் இழுத்த காற்று, கீழே போகப் போகச் சுருங்கி, மேலே வந்தால் பழைய அளவுக்கு விரியும், அவ்வளவுதான். சிலிண்டர் காற்று அப்படியல்ல. 18 மீட்டரில் அந்த ஆழத்து அழுத்தத்திலேயே நுரையீரலை நிரப்புகிறது. அதை அடக்கிக்கொண்டு மேலே ஏறினால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும். பரீட்சையில் இதை எழுதிவிடலாம். சிறுவயதிலிருந்து பழகிய நெஞ்சு அவ்வளவு லேசில் கேட்காது.

பிரிட்டிஷ் சார்ஜன்ட் கிடக்கும் இடத்தில் கயிற்றைப் பிடித்து இறங்கினோம். மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறந்துகொண்டே போக வேண்டும். முதலில் கலங்கல் பச்சை மட்டும். அப்புறம் அதில் ஒரு கறுப்புக் கோடு தடித்தது, தகட்டின் விளிம்பு. ஆழத்தில் சிவப்பு நிறம் முதலில் செத்துவிடும் என்பதால் துரு முழுக்கச் சாம்பலாகத் தெரிந்தது. கூட வந்த பயிற்சியாளர் டார்ச்சை அடித்ததும் அந்த இடம் மட்டும் செங்கல் நிறத்தில் பளிச்சென்றது. ஒரு பெரிய களவா, தகட்டுக்கு அடியிலிருந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

பின்னாலேயே போக ஆசைதான். கூடாது. உள்ளே போனால் தலைக்கு மேல் கூரை. துடுப்புக்கால் ஒரு தட்டு தட்டினால் வண்டல் கிளம்பி வந்த வழி மறைந்துவிடும். அதற்கென்று கயிறு விடும் பயிற்சி தனி. வெளியே நிற்பதற்கும் மூச்சுதான் கை கொடுக்கிறது: இழுத்தால் உடம்பு மெல்ல எழும்பும், விட்டால் இறங்கும். கூர் விளிம்புக்கு ஒரு முழம் தள்ளி நிற்க அதுதான் வழி. இந்த ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே செலவாகும் காற்றைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு போகும். சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் அளவியின் முள் 100-ஐத் தொட்டதும் பயிற்சியாளர் கட்டை விரலை உயர்த்தினார். கடலுக்கடியில் அதற்கு ‘சபாஷ்’ என்று அர்த்தமில்லை, ‘மேலே போ’ என்று அர்த்தம். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, உடம்பில் கரைந்த நைட்ரஜனில் கொஞ்சத்தை வெளியேற்றிவிட்டு ஏறினோம்.

நம் கரையிலும் மூழ்கிய கப்பல் உண்டு. பூம்புகாருக்கு எதிரே, ஏறக்குறைய இதே ஆழத்தில் ஆய்வாளர்கள் கண்ட ஈயக்கட்டிகளில் ‘பிளாக்கெட்’ என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருக்கின்றன. அந்த ஈயம் யாருடையது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)