ஆறு தெளிந்தது, விழா திரும்பியது

ஜப்பானியப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை தொடங்கும் ஜூலைத் திங்களின் இறுதிச் சனிக்கிழமையில், தோக்கியோ நகரின் சுமிதா ஆற்றங்கரையில் வாணவேடிக்கை நடைபெறுவது வழக்கம். ஏறத்தாழ 20,000 வாணங்கள் விண்ணில் மலர்கின்றன. கூரையிட்ட படகுகளில் விளக்கேற்றி, உற்றாரோடு உணவருந்தியவாறு மக்கள் அதனைக் கண்டு களிக்கின்றனர்.

1733ஆம் ஆண்டில், பஞ்சத்திலும் நோயிலும் மாண்டோரின் நினைவாக இவ்விழா தோன்றியது என்பது மரபுவழிச் செய்தி. எனினும், 1961ஆம் ஆண்டோடு அது நின்றுபோயிற்று. சாலை நெரிசல் ஒரு காரணம். ஆலைக் கழிவும் வீட்டுக் கழிவும் கலந்து ஆறு கெட்டது மற்றொரு காரணம். நாற்றமடிக்கும் நீரில் எவர்தாம் படகேறுவர்? கழிவு கட்டுப்படுத்தப்பட்டது, சாக்கடை நீர் சுத்திகரிக்கப்பட்டது. ஆறு மெல்லத் தெளிந்தது. 1978ஆம் ஆண்டில் விழாவும் திரும்பியது.

அதே 1978இல்தான் மலேசியாவிலும் ரப்பர் ஆலைகளின் கழிவுநீரைக் கட்டுப்படுத்தும் விதிகள் இயற்றப்பட்டன. ஆலைக்கு விதியுண்டு, நம் வீட்டுக் குப்பைக்கு நாமே காவல். தோட்டத்தை ஒட்டி ஓடும் ஆற்றில் எதனையும் எறியாதிருப்போம். நம் பிள்ளைகளின் விடுமுறை மகிழ்ச்சியும் அந்நீரில்தான் இருக்கிறது.