எல்லாப் பூவும் உதிர்ந்த பிறகு பூக்கும் சாமந்தி: சீனர்கள் இதில் என்ன பார்க்கிறார்கள்?

ஆயுத பூஜை வந்தால் பைக்கில் இருந்து ஆபீஸ் கம்ப்யூட்டர் வரை எல்லாவற்றுக்கும் சாமந்தி மாலை போட்டுவிடுவோம். அதே நாளில் சீனாவிலும் இதே பூவைக் கொண்டாடுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? 2023-ல் அக்டோபர் 23, 2024-ல் அக்டோபர் 11 என இரண்டு வருடமும் நம் ஆயுத பூஜையும் சீனர்களின் ‘சோங்யாங்’ திருவிழாவும் ஒரே தேதியில்தான் வந்தன.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. நமக்கு அது அமாவாசைக்குப் பிறகு வரும் நவமி. அவர்களுக்கு ஒன்பதாம் மாதத்தின் ஒன்பதாம் நாள். சீன மாதமும் அமாவாசையில்தான் தொடங்குகிறது. கூடுதல் மாதம் சேரும் சில வருடங்களில் கணக்கு பெரிதாக மாறும். 2025-ல் சோங்யாங் அக்டோபர் 29-க்குத் தள்ளிப்போனது அதனால்தான்.

ஏன் இவ்வளவு லேட்டா பூக்குது?

சாமந்தி இரவின் நீளத்தை வைத்துப் பூக்கும் செடி. கோடை முடிந்து பகல் சுருங்கி, இரவு நீள ஆரம்பித்ததும்தான் மொட்டு கட்டும். சீனாவில் குளிர் இறங்கி மற்ற பூக்கள் உதிரும் நேரத்தில் இது மட்டும் பளிச்சென்று நிற்கும்.

உறைபனிக்கும் அசையாத இந்தக் குணம் சீனக் கவிஞர்களுக்கும் ஓவியர்களுக்கும் ரொம்பப் பிடித்துப்போனது. பிளம், ஆர்க்கிட், மூங்கில், சாமந்தி ஆகிய நான்கையும் ‘நான்கு கனவான்கள்’ என்று அழைக்கிறார்கள். அதில் இலையுதிர் காலத்துக்கான கனவான் சாமந்தி.

மலை ஏறித் தப்பித்த குடும்பம்

சோங்யாங் திருவிழாவுக்கு ஒரு பழைய கதை உண்டு. ஹுவான் ஜிங் என்பவரிடம் அவருடைய குரு ஃபெய் சாங்ஃபாங், “ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் உன் வீட்டுக்குப் பேராபத்து வரும்” என்று எச்சரிக்கிறார். குடும்பத்தோடு மலை ஏறி, சாமந்தி மது குடித்தால் தப்பிக்கலாம் என்று வழியும் சொல்கிறார். ஹுவான் ஜிங் அப்படியே செய்கிறார். மாலையில் வீடு திரும்பினால் ஆடு, மாடு, கோழி, நாய் எல்லாம் செத்துக் கிடக்கின்றன. மனிதர்களுக்கு வந்த ஆபத்தை அவை வாங்கிக்கொண்டன என்கிறது கதை.

அன்று மலை ஏறுவதும், சாமந்தி மது குடிப்பதும் இப்படி வந்த வழக்கம் என்பார்கள். சீன மொழியில் ‘ஒன்பது’ என்பதற்கும் ‘நீண்ட காலம்’ என்பதற்கும் உச்சரிப்பு ஒன்றே. அதனால் இந்த நாளும் பூவும் நீண்ட ஆயுளின் அடையாளமாகிவிட்டன.

80 நாளில் ராஜினாமா

சாமந்தி என்றதும் சீனர்களுக்கு நினைவுக்கு வரும் பெயர் கவிஞர் தாவ் யுவான்மிங். கி.பி. 405-ல் இவர் பெங்ஸே என்ற ஊரில் அதிகாரியாக இருந்தார். மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார், உடையைச் சரியாக அணிந்துகொண்டு போய் வரவேற்க வேண்டும் என்றார்கள். ஐந்து டோ அரிசிச் சம்பளத்துக்காக என்னால் குனிய முடியாது என்று வேலையை விட்டுவிட்டார். ‘டோ’ என்பது அன்றைய முகத்தல் அளவை. அவர் அந்த வேலையில் இருந்தது 80 நாள் சொச்சம்தான்.

பிறகு சொந்த ஊரில் விவசாயம், கவிதை, வேலியோரச் சாமந்தி. கேட்க சூப்பரா இருக்குல்ல? ஆனால் விலை பெரிது. 408-ல் வீடு தீப்பிடித்தது. பசிக்காக இன்னொருவர் வாசலில் போய் நின்றதைப் பற்றியே அவர் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். ஒரு சோங்யாங் நாளில் மது வாங்கக் காசில்லாமல், கை நிறைய சாமந்தியோடு தோட்டத்தில் உட்கார்ந்திருந்தாராம். ஆளுநர் அனுப்பிய மதுவோடு வெள்ளை உடைக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார் என்று ஒரு கதை சொல்கிறது. சுயமரியாதைக்கு அவர் கொடுத்த விலை தெரிந்ததால்தான் சீனர்கள் இந்தப் பூவை இவ்வளவு மதிக்கிறார்கள்.

அதே பூ, கிளர்ச்சிக்காரர் கையில்

தாங் வம்சக் காலத்தில் ஹுவாங் சாவ் என்பவர் அரசுத் தேர்வில் தோற்றார். அந்தக் கோபத்தில் சாமந்தியை வைத்து அவர் எழுதியதாகச் சொல்லப்படும் கவிதையில், பூவின் மஞ்சள் இதழ்கள் போர்வீரர்களின் கவசமாகின்றன. பின்னாளில் பெரும்படை திரட்டி, 881-ன் தொடக்கத்தில் தலைநகர் சாங்ஆனையே பிடித்தார். 2006-ல் ஜாங் யிமோ இயக்கிய ‘கர்ஸ் ஆஃப் தி கோல்டன் ஃபிளவர்’ படத்தின் சீனத் தலைப்பு இந்தக் கவிதையில் இருந்து எடுத்ததுதான்.

ஒதுங்கிப் போனவருக்கும் இதே பூ, எதிர்த்து நின்றவருக்கும் இதே பூ. தன் நேரம் வரும்வரை காத்திருக்கும் பொறுமை இருவருக்கும் பொது.

சீன நண்பருக்குப் பரிசா கொடுக்கலாமா?

பூங்கொத்தாக வேண்டாம். குறிப்பாக வெள்ளைச் சாமந்தி அங்கே துக்கத்துக்கு உரியது. முன்னாள் பிரதமர் லி கெச்சியாங் 2023 அக்டோபரில் இறந்தபோது, ஹெஃபெய் நகரில் அவர் சிறுவயதில் வாழ்ந்த வீட்டு வாசலில் மக்கள் குவித்த பூக்களில் சாமந்திகளே அதிகம் தெரிந்தன. காய்ந்த சாமந்தித் தேநீர் என்றால் பிரச்சினை இல்லை, அது அங்கே அன்றாடப் பானம்.

2013 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டத் திருத்தம், சோங்யாங்கை முதியோர் தினமாக அங்கீகரித்தது. பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும், நலம் விசாரிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. வேலைக்காகப் பெருநகரங்களுக்குப் போன தலைமுறையை நோக்கிச் சொன்னது அது. பருவம் கடந்தும் பூத்து நிற்கும் பூவை ரசிப்பவர்கள், வயதாகி வீட்டில் தனியாக இருப்பவர்களையும் நினைக்க வேண்டிய நாளாக சோங்யாங் இப்போது மாறியிருக்கிறது.