புது கம்ப்ரஸர் போட்டாச்சு… குளிர்ச்சி எங்கே?

பெட்ரோல் காரில் ஏ.சி. சுவிட்சைப் போட்டதும் பானெட்டுக்குள் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். கிளட்ச் பிடித்துவிட்டது, கம்ப்ரஸர் சுற்றுகிறது என்று மெக்கானிக் காதை வைத்தே சொல்லிவிடுவார். மின்சாரக் காரில் அந்தச் சத்தம் கிடையாது. பெல்ட்டும் இல்லை, கிளட்ச்சும் இல்லை. மோட்டார், அதை ஓட்டும் இன்வெர்ட்டர், கேஸை அழுத்தும் ஸ்க்ரோல் எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. பல கார்களில் 350 முதல் 400 வோல்ட் வரை ஆரஞ்சு நிறக் கேபிள் வழியே அதற்குள் போகிறது.

பெரிய தொகை கொடுத்து அதை மாற்றிய பிறகும் காற்று சூடாகவே வந்தால், “புதுசும் போயிருக்கும் சார், இன்னொண்ணு போட்டுப் பார்ப்போம்” என்பார்கள். அவசரப்படாதீர்கள். புது கம்ப்ரஸரே பழுதாக வருவதும் உண்டுதான். ஆனால் சந்தேகப் பட்டியலில் அதற்குக் கடைசி இடம் கொடுங்கள். மாற்றிய விதத்தை முதலில் பார்க்க வேண்டும்.

கம்ப்ரஸர் ஓடுகிறதா, இல்லையா? இதைத் தெரிந்துகொள்ளாமலே கேஸ் ஏற்றத் தொடங்குவது வீண் செலவு. நிஸான் லீஃப் வைத்திருப்பவர்களுக்கு இது சுலபம். 2010 டிசம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்து, பின்னர் பாவித்த வாகனமாக இலங்கைக்கும் நிறையவே போய்ச் சேர்ந்த கார் அது. ஏ.சி. எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை அதன் திரையே காட்டும். வெயிலில் நின்ற காரில் ஏ.சி.யை முழுதாக வைத்ததும் அந்த அளவு ஏறினால் கம்ப்ரஸர் வேலை செய்கிறது. கோளாறு கேஸிலோ காற்று வரும் வழியிலோ இருக்கிறது. அசையவே இல்லை என்றால் மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். மற்ற கார்களில் ஸ்கேனர் போட்டால் கம்ப்ரஸரின் சுழல் வேகமே தெரியும்.

ஓடாததற்குக் காரணங்கள் பல. கேஸ் மிகக் குறைவு என்று பிரஷர் சென்சார் சொன்னாலே கார் அதை ஓட விடாது. மாற்றும்போது அந்த சென்சாரின் கனெக்டரை மாட்ட மறந்திருக்கலாம். பழைய பிழைக் குறியீடு அழிக்கப்படாமல் இருக்கலாம். வேறு மாடலுக்கான கம்ப்ரஸர் என்றால், போல்ட் பொருந்தினாலும் காரின் கன்ட்ரோல் யூனிட் அதை ஏற்காமல் போகலாம். ஆரஞ்சு கேபிளைத் தொடும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். லீஃபில் பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டர்களில் உள்ள மின்சாரம் இறங்க 10 நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.

உண்மையான வில்லன் ஆயில். பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர்களுக்குப் பெரும்பாலும் பி.ஏ.ஜி. ஆயில் போடுவார்கள். மின்சாரக் கம்ப்ரஸரில் மோட்டார் சுருள்களே கேஸிலும் ஆயிலிலும் நனைந்தபடி ஓடுகின்றன. சாதாரண பி.ஏ.ஜி. மின்சாரத்தைக் கசியவிடும் என்பதால் பெரும்பாலான மின்சாரக் கார்களில் பி.ஓ.ஈ. ஆயில்தான். யாரும் வேண்டுமென்றே மாற்றி ஊற்றுவதில்லை. காலையிலிருந்து பெட்ரோல் கார்களுக்கு கேஸ் ஏற்றிய மெஷினின் ஹோஸிலேயே பி.ஏ.ஜி. ஒட்டிக்கொண்டிருக்கும், கொஞ்சம் கலந்தாலே கெடுதல்தான். கசிவு பார்க்கப் போடும் சாயத்திலும் அது இருக்கலாம். மின்காப்பு குறைந்ததைக் கார் கண்டுகொண்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். சில சமயம் வண்டியே கிளம்பாது. மின்காப்பை அளக்கும் மெகர் வைத்துச் சோதித்தால் குட்டு வெளிப்படும்.

பி.ஓ.ஈ.க்கும் ஒரு குறை உண்டு. ஈரத்தை உறிஞ்சி, அதோடு வினைபுரிந்து அமிலமாகும். அதனால் திறந்து வைத்த பாட்டிலில் மிச்சமிருக்கும் ஆயிலைத் தொடக் கூடாது, குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேக்கம் போடும் நேரத்தைக் குறைக்கவும் கூடாது.

கம்ப்ரஸர் ஓடியும் குளிரவில்லையா? “கேஜ் கரெக்டாத்தான் காட்டுது சார்” என்பதை உடனே நம்பிவிடாதீர்கள். வண்டி ஓடாமல் நிற்கும்போது, 30 டிகிரி வெப்பத்தில் ஆர்-134ஏ கேஸ் ஏறக்குறைய 97 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் அதே அளவுதான். எடை போட்டு ஏற்றினால்தான் கணக்கு சரியாகும். ஓடும்போது லோ சைடு மிகக் குறைந்து ஹை சைடு ஏறினால் எக்ஸ்பான்ஷன் வால்விலோ ஈரத்தை உறிஞ்சும் டிரையரிலோ அடைப்பு இருக்கலாம். இரண்டுமே எகிறினால் கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று, அல்லது கன்டன்சர் ஃபேன் சுற்றவில்லை. குழாய் ஜில்லென்று இருந்தும் உள்ளே சூடான காற்று வந்தால், ஹீட்டர் பக்கத்து மடல் மூடாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

முதல் கம்ப்ரஸர் ஏன் போனது என்று கேட்காதவர்களுக்கு இரண்டாவதும் நிலைக்காது. தேய்ந்து செத்த கம்ப்ரஸர் உலோகத் துகளைக் குழாயெங்கும் தூவிவிட்டுத்தான் போகும். இன்றைய கன்டன்சர்களின் நுண்குழாய்களை முழுதாகக் கழுவ முடியாது. துகள் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். டிரையரை எப்படியும் மாற்ற வேண்டும். இன்னொன்று: முந்தைய தலைமுறை லீஃப்களின் பேட்டரிக்கு இந்த கேஸ் சுற்றோடு தொடர்பில்லை. ஆனால் திரவத்தால் பேட்டரியைக் குளிர்விக்கும் பல கார்களில் அதே கம்ப்ரஸர்தான் பேட்டரிக்கும் உழைக்கிறது. அங்கே ஏ.சி. கெட்டால் ஃபாஸ்ட் சார்ஜிங்கும் மந்தமாகலாம்.

அதனால் பணம் கட்டும் முன் பில்லில் நான்கு விஷயங்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்த ஆயில், எத்தனை கிராம் கேஸ், எவ்வளவு நேரம் வேக்கம், புது டிரையர் போட்டார்களா. எழுதித் தரத் தயங்கும் கராஜில் மின்சாரக் காரின் ஏ.சி. வேலையைக் கொடுக்காதீர்கள்.