திருவெண்காட்டில் தங்கிய களப்பாளர்

நடுநாட்டுத் திருத்தலங்களுள் ஒன்று திருப்பெண்ணாகடம். தேவகன்னியரும் காமதேனுவும் வெள்ளை யானையும் வழிபட்டமையால் பெண், ஆ, கடம் என்னும் மூன்று சொற்களும் கூடி இப்பெயர் அமைந்தது என்று தலவரலாறு கூறும். அதுவே பெண்ணாடம் என மருவி வழங்குகிறது. திருக்கோயிலின் பெயர் திருத்தூங்கானைமாடம். யானை படுத்துறங்குவது போலப் பின்புறம் வளைந்த விமானத்தை வலம்வரும் அன்பர்கள் கண்டு மகிழலாம்.

இத்தலத்துக்கு வந்தவர்களுள் அப்பரடிகள் ஒருவர். சமணம் சார்ந்து பல ஆண்டுகள் கழித்த உடம்பு இது. இவ்வுடம்போடு உயிர்வாழ விரும்பேன். சூலக்குறியும் இடபக்குறியும் பொறித்தருள வேண்டும் என்று சுடர்க்கொழுந்தீசப் பெருமானிடம் விண்ணப்பித்தார். சூலைநோய் நீங்கியது, பல்லவன் இழைத்த துன்பங்கள் தீர்ந்தன, அவற்றுக்குப் பின்னும் கழிந்த காலத்தை எண்ணிய வருத்தம் அவர் திருவுள்ளத்தை விட்டு அகலவில்லை. பிறர் அறியாதபடி சிவபூதம் ஒன்று அவர் திருத்தோள்களில் அக்குறிகளைப் பொறித்தது என்று சேக்கிழார் பெருமான் அருளுகிறார்.

இதே ஊரில் 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் அச்சுத களப்பாளர். வேளாண் குடியினர், செல்வம் உடையவர், சிவபத்தியில் குறைவில்லாதவர். குறை ஒன்றே, மகப்பேறு இல்லை. பிள்ளையில்லாத வீட்டில் உற்றாரும் ஊராரும் கேட்கும் கேள்விகளை அன்பர்கள் அறிவீர்கள். அக்காலத்தும் அவை குறைவாக இருந்திரா. அவர் சோதிடரைத் தேடிச் செல்லவில்லை. திருத்துறையூரில் எழுந்தருளியிருந்த தம் குலகுரு சகலாகம பண்டிதரை அடைந்து பணிந்தார்.

பண்டிதர் தேவாரத் திருமுறையைப் பூசித்துக் கயிறு சாத்திப் பார்த்தார். ஏட்டுச் சுவடிகளின் இடையே நூலைச் செலுத்தி, அது பொருந்திய ஏட்டில் உள்ள பாடலை இறைவன் ஆணையாக ஏற்பது இம்முறை. இக்காலத்தில் சிலர் இதனைக் குறிகேட்பது போல ஆக்கிவிட்டனர். வந்த பாடல் மனத்துக்கு ஒவ்வாவிட்டால் மறுபடியும் சாத்துகின்றனர்! அது திருமுறையைச் சோதிப்பதாகுமே அன்றி வணங்குவதாகாது. அன்று கிடைத்தது திருஞானசம்பந்தப் பெருமான் திருவெண்காட்டின்மேல் அருளிய, இரண்டாம் திருமுறையிலுள்ள பதிகத்தின் இரண்டாம் பாடல். முக்குளத்தில் நீராடி வழிபடுவோர் பிள்ளைப்பேறு முதலாக உள்ளத்தில் நினைந்த வரம் பெறுவர், ஐயம் வேண்டா என்பது அதன் கருத்து.

களப்பாளர் மனைவியாரோடு புறப்பட்டு, சீகாழிக்குத் தென்கிழக்கே கடலையடுத்துள்ள திருவெண்காட்டை அடைந்து அங்கேயே தங்கினார். சூரிய தீர்த்தம், சந்திர தீர்த்தம், அக்கினி தீர்த்தம் மூன்றிலும் நாள்தோறும் நீராடி, வெண்காட்டீசரை இருவரும் வழிபட்டு வந்தனர். ஒருநாள் பெருமான் கனவில் தோன்றினார். இப்பிறவியில் உனக்கு மகப்பேறு இல்லை என்றார்.

அன்பர்களே, இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மருத்துவர் கைவிட்டால் கோயிலுக்கு வருகிறோம்; உறவினர் கைவிட்டாலும் வருகிறோம். வந்த இடத்தில் சுவாமியே இல்லை என்று சொல்லிவிட்டால் எங்கே போவது? களப்பாளருக்கு நேர்ந்த ஏமாற்றம் அத்தகையது. அவர் சினக்கவும் இல்லை, மூட்டை கட்டவும் இல்லை. அடியேன் ஞானசம்பந்தப் பெருமானின் திருவாக்கை நம்பி வந்தேன்; இப்பிறவியில் இல்லையென்றால் பின்னர் எப்பிறவியிலேனும் அது பலிக்கட்டும் என்னும் கருத்துடன் வழிபாட்டைத் தொடர்ந்தார். வினையின் கணக்கை அவர் மறுக்கவில்லை. அக்கணக்குக்கு மேற்பட்டது அருளாளர் வாக்கு என்பதில்தான் உறுதியாக நின்றார். நம் சேய் சம்பந்தன் பாடலில் நீ வைத்த உறுதியினால், அவனைப் போலச் சைவம் விளக்கும் ஒரு புதல்வனைப் பெறுவாய் எனப் பெருமான் மீண்டும் அருளினார் என்பது வழிவழி வந்த வரலாறு. பிறந்த குழந்தைக்கு அத்தலத்துப் பெருமான் பெயரையே இட்டு, சுவேதவனப் பெருமாள் என்று அழைத்தனர்.

விழா மேடையில் இதனைச் சொல்லி இறங்கியதும், எவரேனும் ஒருவர் தனியே வந்து, ஐயா, நாங்களும் முக்குளத்தில் நீராடினோம், எங்களுக்கு ஏன் கிட்டவில்லை என்று தாழ்ந்த குரலில் கேட்பதுண்டு. உங்கள் நம்பிக்கை போதவில்லை என்று அவரிடம் சொல்லுதல் கொடுமை. சைவமும் அவ்வாறு சொல்லச் சொல்லவில்லை. உடம்போடு வந்த வினை நுகர்ந்தே கழிய வேண்டுவது. அது யாருக்கு எவ்வளவு என்பதை அளந்தறிய நம்மால் இயலாது. களப்பாளர் வரலாற்றின் பிற்பகுதியை மட்டும் அவருக்கு எடுத்துச் சொல்வது என் வழக்கம்.

அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற பிள்ளை பெண்ணாடத்து வீட்டில் நெடுநாள் தங்கவில்லை. தாய்மாமன் அழைத்துச் சென்று திருவெண்ணெய்நல்லூரில் வளர்த்தார். தெருவில் விளையாடும் இளம்பருவத்திலேயே பரஞ்சோதி முனிவர் அக்குழந்தைக்கு உபதேசித்து, தம் குருவான சத்தியஞான தரிசினிகளின் திருப்பெயரைத் தமிழாக்கி மெய்கண்டார் என்று பெயரிட்டார். பெற்றோர் வேண்டியது வீட்டுக்கொரு பிள்ளை. கிடைத்தவரோ சைவ உலகத்துக்கு ஆசாரியர். திருவெண்காட்டில் இல்லை என்ற சொல்லைத் தாங்கிய நெஞ்சுக்கு, இந்தப் பிரிவைத் தாங்கும் வலிமையும் அங்கேயே வாய்த்திருக்க வேண்டும். இதைக் கேட்டபின், வந்தவர் சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டு செல்வார்.

மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 நூற்பாக்களும் 40 அடிகளும் கொண்ட சிறுநூல். வந்த வினை உயிரைத் தாக்காதிருக்க, இறைவனோடு ஒன்றி அவன் பணியில் வழுவாது நிற்றலே வழி என்று அதன் பத்தாம் நூற்பா உரைக்கிறது. முதலில் இல்லை என்ற பெருமானின் சந்நிதியிலேயே தம் தந்தையார் வழிபாட்டை விடாது நின்றதனை அறிந்தோர்க்கு அந்நூற்பா எளிதில் விளங்கும்.

கயிறு சாத்திய சகலாகம பண்டிதரோ, வயதில் முதிர்ந்தவர், குடும்பத்தின் குரு. அவர் திருவெண்ணெய்நல்லூருக்குச் சென்று, ஆணவத்தின் வடிவம் யாது என்று வினவினார். பிள்ளையாராகிய மெய்கண்டார் விடை கூறாமல், நின்ற அவரையே ஏற இறங்க நோக்கினார். அக்கணமே பண்டிதர் திருவடியில் வீழ்ந்து சீடரானார். அருணந்தி சிவாசாரியார் என்னும் பெயர் பெற்றுச் சிவஞானசித்தியார் அருளினார். மெய்கண்டாரின் குருபூசை ஆண்டுதோறும் ஐப்பசிச் சுவாதியில் நிகழ்கிறது. அன்று பெண்ணாடம் வரும் அன்பர்கள் திருத்தூங்கானைமாடத்தில் வழிபட்டு, அந்தத் திருவெண்காட்டுப் பதிகத்தையும் ஒருமுறை ஓதுவார்களாக.